கம்பளி எரியும் வாசனை

கம்பளிக் குவியலைச் சுற்றி வந்து, டின்னில் இருந்த மண்ணெண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார் ஸ்டோர்கீப்பர். தீப்பெட்டியை எடுத்து உரசினார். முதல் குச்சி கீழே விழுந்தது.

"என்னய்யா, உன் வீட்டுச் சொத்தையா கொளுத்தச் சொன்னேன்? சீக்கிரம் பத்தவை," என்றார் பெரிய அதிகாரி. "மாசக் கடைசியில ரிட்டயர் ஆகப்போறே. போகும்போது நல்ல பேரோட போ."

பற்றவைத்தார். மேலே கிடந்த கம்பளிகள் குப்பென்று பிடித்துக்கொண்டன.

போர் முடிந்ததும் ராணுவத்துக்கு வாங்கியதில் மிஞ்சியதெல்லாம் இந்தக் கிடங்குக்குத்தான் வந்து சேர்ந்தது. ஏலத்தில் போகாததை அதிகாரி முன்னிலையில் எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாமா என்று ஸ்டோர்கீப்பர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். 'எந்தத் தலைப்பில்?' என்று பதில் வந்தது. அரசாங்கக் கணக்கில் விற்பதற்கு ஒரு தலைப்பு உண்டு, எரிப்பதற்கு ஒரு தலைப்பு உண்டு. சும்மா கொடுப்பதற்குத்தான் இல்லை.

அதனால் அவரே ஒரு வழி செய்துகொண்டார். குவியலின் மேலே மட்டும் பூச்சி அரித்த கம்பளிகள். அடியில் முழுக்கக் கிழிந்த சாக்குகள். நல்ல கம்பளிகள் ஏற்கெனவே கைவண்டி ஏறிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

மாட்டினால் பென்ஷன் போகும். அதைவிட, அங்கே தூங்கும் பிள்ளைகள் மேலிருந்து கம்பளிகளை உருவிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பெரிய அதிகாரியிடம் அவருக்குப் பயமில்லை. எங்கே போனாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர் அவர். கூட வந்திருந்த தணிக்கைக்காரப் பெண்ணிடம்தான் பயம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். வாயைத் திறப்பதே அபூர்வம். ஆனால் கிடங்குக்குள் ஒரு மூட்டை விடாமல் தொட்டுப் பார்த்தாள்.

நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்று வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அங்கே சமையலுக்கு உதவப் போகும் அவர் மனைவி வந்து சொன்னாள்.

"அவ பார்வையே சரியில்லைங்க. மோப்பம் பிடிக்க வந்தவ மாதிரி இருக்கா."

இப்போதும் அவள் தீயைப் பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கிப் புகையைத்தான் மோந்துகொண்டிருந்தாள். புருவம் சுருங்கியது.

பெரிய அதிகாரி நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருப்பை நெருங்கினார். "பக்கத்துல இருந்து பாத்தேன்னு கையெழுத்துப் போடணுமே."

"புகை உங்க மேலயே அடிக்குது, சார்," என்றாள் அவள். "காத்து வர்ற பக்கமா அந்த மரத்தடியில உட்காருங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

அவர் இருமிக்கொண்டே நகர்ந்தார். தன்னைத் தனியாக வைத்து உலுக்கி எடுக்கப்போகிறாள் என்று ஸ்டோர்கீப்பருக்குப் புரிந்துவிட்டது.

நினைத்தபடியே பக்கத்தில் வந்தாள். "அடியில என்ன வச்சிருக்கீங்க?"

"கம்பளிதாம்மா. வேற என்ன இருக்கப்போகுது?"

"கம்பளின்னா ஆட்டு முடி. எரிஞ்சா முடி கருகுற நாத்தம் வரணும். முதல்ல வந்துச்சு. இப்போ சாக்கு எரியற வாசனைதான் வருது."

அவர் புகையை அண்ணாந்து பார்த்தார். "காத்து மாறி அடிக்குதோ என்னவோ..."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எனக்கும் தெரியும்." ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறினாள். அது கம்பளிபோல் கட்டி தட்டாமல், காகிதச் சாம்பலாகப் பறந்தது. "பள்ளிக்கூடத்துக்கு எப்போ கொண்டுபோனீங்க?"

இனி மழுப்பிப் பயனில்லை.

"என்னை என்ன வேணா பண்ணுங்கம்மா. பென்ஷன் போனாப் போகட்டும். அந்தப் பிள்ளைங்க மேல இருந்து மட்டும் உருவிடாதீங்க. குளிர் தாங்காதுங்க."

அவள் குச்சியைத் தீயில் போட்டாள். விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய், பெரிய அதிகாரியின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் திரும்பி ஸ்டோர்கீப்பரை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவைத் திறந்து மடியிலிருந்த தாளில் எழுதினார். ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

ஸ்டோர்கீப்பர் காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துக்கு இன்றே ஆள் அனுப்புவார்களா, விடியும்வரையாவது விட்டுவைப்பார்களா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

அவள் மட்டும் திரும்பி வந்து அவர் எதிரே நின்றாள்.

"அடுத்த வாரம் ரெண்டாவது ஷெட்ல இருக்கிற கம்பளிங்களை எரிக்கணும். வேற அதிகாரி வர்றாரு. அவர் எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிற ஆளு."

"சரிம்மா," என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே.

ஜீப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சலூன்ல கூட்டிக் கொட்டுற முடியை ரெண்டு மூட்டை வாங்கி அடியில போட்டுடுங்க, அய்யா."