ஆடாத கதவு

வாசல் கதவைத் தொட்டாலே நிலையும் சேர்ந்து ஆடியது. வீட்டுக்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“மூணாவது தடவைடி. சிமென்ட்டுனு சொல்லி வெறும் மணலை அப்பியிருக்கான் அந்தக் கொத்தனார் பய. கையில கிடைச்சான், தோலை உரிச்சிடுவேன்.”

மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நேராப் புடி. உடம்புல உசிர் இருக்கா இல்லையா?”

“ஸ்க்ரூ இன்னும் நீளமாப் போடலாமே,” என்றாள்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று எரிந்து விழுந்தவர், நீளமானதையே போட்டு முறுக்கினார். சுவரைக் குடைந்து, இரும்புப் பட்டை வைத்து நிலையை இறுக்கினார். அவள் வாங்கி வைத்திருந்த இரண்டு தாழ்ப்பாள்களையும் உள்பக்கம் மேலும் கீழுமாகப் பொருத்தினார். “உள்ளே என்ன, புதையலா கொட்டிக் கிடக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டேதான்.

முடித்ததும் வெளியே போய் நின்றார்.

“ரெண்டு தாழ்ப்பாளையும் போடு. தள்ளிப் பார்க்கிறேன்.”

போட்டாள். தோளால் முட்டினார். கதவு இம்மியும் அசையவில்லை. தன் கைவேலையை நினைத்து அவருக்கே மிதப்பாக இருந்தது.

“யானை வந்தாலும் அசைக்க முடியாதுடி.”

“தோள் போதாது,” என்றது உள்ளேயிருந்து அவள் குரல். “நான் பயந்து உள்ளே ஓடிச் சாத்திக்கிட்டா உதைச்சுத் திறப்பீங்களே, அதே மாதிரி உதைங்க.”

ஓங்கி உதைத்தார். கால்தான் விண்ணென்று தெறித்தது.

“சரி, திற.”

“இனிமே உதைக்கிறதுக்கு வேற கதவு பார்த்துக்குங்க.”