பேசாத அண்ணி, ஓயாத நாத்தனார்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வாயைத் திறக்காமலே ஒருத்தி போட்ட சண்டையைச் சொல்கிறேன்.

ஓபரா என்னும் பாட்டு நாடக அரங்கத்தின் ஒப்பனை அறை. முகத்தில் பாதிப் பவுடரோடு பாடகி உட்கார்ந்திருந்தாள்.

ஒத்திகையில் உச்ச சுரத்தைத் தொண்டையால் நெட்டித் தள்ளியதில் குரல்வளை வீங்கிப்போயிருந்தது. மேடை ஏறும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுத்தால் இன்னும் கெடும் என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார்.

மீறினால் குரல் உடையும். கதாநாயகி வேஷம் மாற்றுப் பாடகிக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வருஷக் கணக்காய் வயிற்றில் வைத்திருந்ததைக் கொட்ட இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

"என்ன அண்ணி, வாய்க்கு லீவா? எங்க அண்ணன் இப்பத்தான் நிம்மதியா தூங்குறாராம்!"

நாக்கு நுனிவரை வந்த பதிலைப் பாடகி விழுங்கினாள். விலா விரிய மூச்சை இழுத்து, பஞ்சரான டயர் மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்ல மெல்ல விட்டாள்.

"உஸ்ஸுங்கறீங்க, நான் என்ன பூனையா? போன தடவை உங்கம்மாவே முன் வரிசையில உக்காந்து குறட்டை விட்டாங்க!"

அம்மாவையா!

பாடகியின் கை சீப்பை இறுக்கிப் பிடித்தது. எறியவில்லை. தோளை இறக்கினாள், தாடையைத் தளர விட்டாள். மறுபடி ஸ்ஸ்ஸ்.

நாத்தனாரோ மோவாயை நீட்டி, கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைக்க, முழுக்க முழுக்கத் தொண்டையாலேயே கத்தினாள். அவள் திட்டத் திட்ட, இவளுக்கு மூச்சு அடிவயிற்றில் வாகாய் இறங்கியது. ஓசியில் கிடைத்த பயிற்சி!

கதவு தட்டப்பட்டது. மேடை ஏறும் நேரமாகிவிட்டது, குரல் வருமா என்ற கவலையோடு மேடை மேனேஜர் தலையை நீட்டினார்.

பாடகி எழுந்தாள். குதிரை கனைப்பதுபோல் உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டபடி கீழ் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்குப் போனாள். குரல் நூல் பிடித்தாற்போல் ஏறி, உச்சியில் பூ மாதிரி உட்கார்ந்தது.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"நல்லவேளை. ஆனாலும் மாற்றுப் பாடகி நீங்கதானே, எதுக்கும் தயாரா இருக்கணும். ஒரு சுரம் பாடிக் காட்டுங்கம்மா."

நாத்தனார் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

வீடு என்றால் நாலு சண்டை இருக்கத்தான் செய்யும், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் சிரிப்பில் முடியட்டும். ஒருத்தர் தொண்டையும் கட்டாமல் எல்லோரும் நன்றாயிருங்கள்.