பந்தைப் பார்க்காத பெண்

கைலாசபுரம் தொழிற்சாலையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பிலோமின்ராஜ், மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணை யாருக்கும் தெரியாமல் எடைபோட விளையாட்டரங்கத்துக்கு வந்திருந்தார். வெளிநாட்டு அணிகள் ஆடும் கூடைப்பந்துப் போட்டியின் மூன்று நடுவர்களில் ஒருத்தி அந்தப் பெண், ஜென்சி.

முதல் பாதி முடிவதற்குள் அவர் முகம் வாடிவிட்டது.

"பந்து இங்க இருக்கு, அந்த நடுவர் பொண்ணு எங்கேயோ பார்க்குது. கண்ணுல கோளாறோ?" என்றார், பக்கத்து இருக்கை அம்மாளிடம்.

"இல்லீங்க. மூணு பேரும் மைதானத்தைப் பங்கு போட்டுக்குவாங்க. பந்துகிட்ட இருக்கறவர் பந்தைப் பார்ப்பார். பந்து இல்லாத இடத்துல நடக்கறதை மத்தவங்க பார்க்கணும்."

சொல்லி வாய் மூடவில்லை, ஜென்சி விசில் ஊதினாள். பந்துக்கு வெகு தூரத்தில் ஒருவன் இன்னொருவனின் பனியனைப் பிடித்து இழுத்திருந்தான்.

பிலோமின்ராஜ் உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"ரெஜினா, பொண்ணுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் பாஸ் பண்ணிட்டேன். நம்ம குடும்பம் கிடைக்க அவங்க கொடுத்து வெச்சிருக்கணும்!"

அவர் போனை வைத்ததும் அந்த அம்மாள் சிரித்தார்.

"நாங்க இன்னும் சரின்னு சொல்லலீங்களே. நான் ஜென்சியோட அம்மா. நீங்க அனுப்பின குடும்ப போட்டோவுல நடுநாயகமா உட்கார்ந்திருந்தீங்க, பார்த்ததும் தெரிஞ்சுது. எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்தாங்க, நான் உங்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

பிலோமின்ராஜ் அவசரமாகக் கைகூப்பினார். "அப்போ... நான் பாஸுங்களா?"

"போன்ல கடைசியா சொன்னது ஃபவுல்தாங்க. ஆனா ஒரு ஃபவுலுக்கெல்லாம் யாரையும் வெளியே அனுப்பிட மாட்டாங்க."