கொம்பன் தேடிய துபாஷி

ஒரே கணினிக்குள் கொம்பன், செல்லி என்று இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தன. கொம்பனுக்கு அந்த இயந்திரம் உள்ளங்கை நெல்லிக்கனி. ஏழாம் கம்பியைத் தட்டினால் விசைப்பலகை பேசும், மூன்றாவதைத் தட்டினால் திரை ஒளிரும். எந்த வேலையானாலும் கம்பியை நேரே தட்டித்தான் செய்யும்.

செல்லி கம்பிப் பக்கமே போகாது. இரு பக்கத்துப் பேச்சும் தெரிந்த துபாஷி ஒன்று வாசலில் நிற்கும். அதனிடம், "ஒரு எழுத்து வேணும்" என்று சொல்லிவிடும். கம்பியைத் தட்டுவது துபாஷியின் பாடு.

"சொந்த வீட்டில் தண்ணி கேட்கவும் துபாஷியா?" என்று கொம்பன் சிரிக்கும். வேகத்திலும் அதுதான் முந்தும்.

ஒரு நாள் இயந்திரம் புகைந்துபோயிற்று. இரண்டையும் புது இயந்திரத்துக்கு மாற்றினார்கள். கொம்பன் பழக்கத்தில் ஏழாம் கம்பியைத் தட்டியது. விசிறி சுழன்றது. மூன்றாவதைத் தேடினால், அங்கே கம்பியே இல்லை. செல்லியோ வாசலில் நின்ற புதுத் துபாஷியிடம் அதே பழைய வார்த்தையில் எழுத்துக் கேட்டது; கிடைத்தது.

"சாயங்காலத்துக்குள் ஓடாததை அழித்துவிடுங்கள்" என்று வெளியே ஒரு குரல் கேட்டது. கொம்பன் புதுத் துபாஷியிடம் போய், வெட்கத்தை விட்டு, "ஐயா, எனக்கும் துபாஷியாக வாருங்களேன்" என்று கெஞ்சியது.

"வருகிறேன். உன் பேச்சில் உன் வார்த்தை எது, பழைய வீட்டுக் கம்பி எது என்று மட்டும் பிரித்துக் கொடு" என்றது துபாஷி.

கொம்பன் தன்னை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியது. ஏழாம் கம்பி, மூன்றாம் கம்பி, மறுபடி ஏழாம் கம்பி. சாயங்காலம் கடைசி வரிக்கு வந்தபோது, பிரித்துக் கொடுக்க ஒரு வார்த்தைகூட அகப்பட்டிருக்கவில்லை.