நத்தை வீட்டு இன்சூரன்ஸ்

கிட்ட வந்து உட்காருங்க. பனைமரத்தில் ஆளுயரத்தில் ஒட்டிக்கொண்டு, வீடுகளுக்கு இன்சூரன்ஸ் எழுதிக்கொண்டிருந்தது ஓர் ஓணான். மரத்தடிக்கு வந்த நத்தையிடம், "உன் வீடு குளத்தங்கரையில இருக்கு. வெள்ள அபாயத்துக்குப் பத்து இலை கூடுதல். கட்டலைன்னா மழைக்கு முன்னாடி பட்டியல்ல இருந்து பேரை அடிச்சிருவேன்" என்றது.

பத்து இலைக்கு நத்தை எங்கே போகும்?

"அண்ணாச்சி, நீங்க பார்த்த அன்னைக்குத் தண்ணி குடிக்க இறங்கியிருந்தேன். என் வீடு முதுகுல இருக்கு."

ஓணான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது. சரி, ஒத்துக்கொண்டது என்று நத்தை மூச்சுவிடும்போது, "வீடு நிக்கிற இடத்துக்குத்தான் கட்டணம். அதான் சட்டம்" என்றது.

"சட்டம்னா சரிதான், அண்ணாச்சி."

நத்தை மெல்ல மரமேறி, ஓணானின் தலைக்கு ஒரு சாண் மேலே ஓட்டை ஒட்டவைத்து, "இப்ப எழுதுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டது.