கொக்கிடம் சொன்னது

முழங்கையைத் தூக்குகிறான். தூக்கக் கூடாது.

ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்த அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

விரல் தடிமன்கூட இல்லாத லேசான தூண்டில் கம்பு அது. மணிக்கட்டால் சுண்டினால் போதும். முழங்கை விலாவை ஒட்டி இருக்க வேண்டும். ரீலின் வளையத்தைத் திறந்துவிட்டு, நரம்பை ஆள்காட்டி விரலில் மடக்கிப் பிடிக்க வேண்டும். கம்பு தோளுக்கு மேல் வந்ததும் நிற்க வேண்டும். பிறகு முன்னால் ஒரு சுண்டு. அந்த நொடியில் விரலை விட வேண்டும்.

அவ்வளவுதான். நரம்பின் நுனியில் முள்ளோடு தொங்கும் பொம்மை மீன் தானாகப் பறந்துபோய்த் தண்ணீரில் விழும்.

ஒரு மாதமாகக் கூடத்தில் சத்தமாக வீடியோ ஓடினால், சமையலறையில் இருப்பவளுக்கும் இதெல்லாம் மனப்பாடமாகிவிடும்.

ஓடவிட்டவனுக்கு மட்டும் ஆகவில்லை. விடலைத் தேங்காய் உடைப்பவன்போல ஓங்கினான்.

பொத்.

பொம்மை மீன் அவன் காலடிச் சேற்றில் குத்திட்டு நின்றது. விரலை நேரம் கழித்து விட்டிருக்கிறான்.

அடுத்த வீச்சில் சீக்கிரமே விட்டுவிட்டான். அது நேராக வானத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் யோசித்து, அவன் செருப்புக்குப் பக்கத்தில் இறங்கியது.

அவளுடைய விரல் மடியில் தானாகவே மடங்கி, சரியான நொடியில் நிமிர்ந்தது. நாக்கு நமநமவென்றது.

சொல்ல முடியாது. அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

நாத்தனார் பூங்கோதை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னாலும், அவள் குறட்டை விடுவதை அவன் நடித்துக் காட்டினான். அந்த இழுப்பு. நடுவில் ஒரு நிறுத்தம். கடைசியில் வரும் சின்ன விசில். பாயசம் பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவ்வளவு அச்சு அசலாகச் செய்ய, எத்தனை இரவு விழித்திருந்து கேட்டிருப்பான்?

இப்படி நினைத்தால் கோபம் லேசாக வழுக்கியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

கல்யாணமானதிலிருந்து எல்லாச் சண்டையிலும் முதலில் பேசியவள் அவள்தான். இந்த முறை இல்லை. இந்த முறை அவன் பேசட்டும்.

அப்படியானால் இன்று காலை எதற்கு வண்டியில் ஏறினாள்?

வீட்டில் தனியாக இருந்தால், அவள் பேசாமல் இருப்பது யாருக்குத் தெரியும்?

அவன் மறுபடியும் ஓங்கினான். இந்தத் தடவை கம்பு தோளைத் தாண்டி, முதுகைத் தாண்டி, பின்னால் கல்லில் உட்கார்ந்திருந்த அவளை நலம் விசாரிக்க வருவதுபோல வந்தது. பிறகு முன்னால் பாய்ந்தது.

தண்ணீரில் சத்தமே இல்லை.

அவன் கண்மேல் கைவைத்து ஏரியின் நடுவில் தேடினான். அதற்கும் அப்பால் தேடினான். அவன் தோள்கள் பெருமையில் அகன்றன.

பொம்மை மீன் அந்தத் தோள்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

பச்சை உடம்பு. ஆரஞ்சு வயிறு. சட்டையைக் கவ்விக்கொண்டு, அவன் மூச்சுக்கு ஏற்ப ஆடியது.

அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

ரீலைச் சுற்றினான். கம்பின் நுனி வளைந்து வளைந்து அவன் காதுக்கே வந்தபோதுதான் புரிந்தது.

தோளுக்கு மேலாகக் கையை விட்டான். எட்டவில்லை. இடுப்புப் பக்கமாக விட்டான். எட்டவில்லை. இரவுகளில் "இன்னும் கொஞ்சம் மேல, ஆங், அங்கதான்" என்று அவளைச் சொறியச் சொல்லும் அதே இடம். சட்டையைக் கழற்றப் பார்த்தான். "ஸ்ஸ்" என்று நின்றுவிட்டான். முள் பனியனையும் தாண்டியிருந்தது.

கரையில் வேறு ஆளில்லை. மதகுச் சுவரில் ஒரு கொக்கு நின்றது.

"முதுகுல ஏதோ மாட்டிக்கிச்சு போல," என்றான் கொக்கிடம்.

இது பேசியதாகக் கணக்கில் வருமா?

வராது. நேற்று ஃபிரிட்ஜைப் பார்த்து "காபித்தூள் தீந்துபோச்சு" என்றதும் கணக்கில் வரவில்லை.

"ஊரே சிரிக்க நடிச்சுக் காட்டுறவங்க, இதையும் ஒரு தடவை நடிச்சுக் காட்டலாமே," என்றாள் அவளும் கொக்கிடம்.

கொக்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அவன் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கொக்கிடம் சொன்னான்.

"அந்த விசில மட்டுமாவது நடிக்காம விட்டிருக்கலாம்."

அவள் எழுந்து போனாள்.

இடது உள்ளங்கையை அவன் முதுகில் வைத்துச் சட்டையை இழுத்துப் பிடித்தாள். வெயிலில் சூடேறிய முதுகு. அவனே துவைத்த சட்டை. சோப்பு சரியாகப் போகவில்லை. முள்ளை வந்த வழியிலேயே தள்ளி, ஒரு திருகு திருகினாள்.

வந்துவிட்டது.

இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பொம்மை மீனை வலது கையில் தள்ளிப் பிடித்தாள். அவன் ஊசி போட்டுக்கொள்ள வந்தவன்போல அசையாமல் நின்றான். அவன் மூச்சு அவள் உள்ளங்கையில் ஏறி இறங்கியது. இந்தக் கையை எடுத்தால் மறுபடியும் அந்தக் கல்லில் போய் உட்கார வேண்டும். மறுபடியும் வாயை மூட வேண்டும்.

"இன்னும் வரல," என்றாள் கொக்கிடம்.

கொக்குக்கே பொறுக்கவில்லை. சிறகை விரித்து அக்கரைக்குப் போய்விட்டது.

வெயில் பின்னாலிருந்து அடித்தது. எதிரே ஈரச் சேற்றில் இரண்டு நிழல்கள் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. பக்கவாட்டில் ஒரு கை நீண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சின்ன மீன் தொங்கி ஆடியது.

அவன் தலை அந்த நிழல்மேல் குனிந்திருந்தது. அந்த மீன் ஆடி நிற்கும்வரை அப்படியே குனிந்திருந்தது.

மதகுச் சுவரில் யாருமில்லை.

"மெதுவாவே எடு," என்றான்.