பதினேழாம் கேள்வி

“இல்லீங்க” என்றாள் கண்ணாத்தாள். மூன்றாவது முறை.

அவள் புருஷன் வேம்பு, காய்ச்சலில் விழுவதற்கு முன்னால் எலியைக் கையால் தொட்டதுண்டா என்று கேட்டிருந்தேன்.

வேம்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் பூத்துக் கிடந்தான். கண்கள் மட்டும் ரத்தச் சிவப்பு. கெண்டைக்காலை லேசாக அமுக்கினேன். நினைவு தப்பிக் கிடந்தவன் அந்த நிலையிலும் முனகினான்.

எலிக்காய்ச்சல்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோசனம்? நான் மாட்டு டாக்டர்.

அதிலும் மூன்று வருஷமாக மாட்டை விட்டுவிட்டுக் கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் எலி பிடித்துக்கொண்டிருந்தேன். எலியின் மூத்திரத்திலுள்ள கிருமி சேற்றில் கலந்து, கால் சேற்றுப்புண் வழியாகவும் கைக்காயம் வழியாகவும் மனிதனுக்குள் போகிறது என்று நிரூபிப்பது என் ஆராய்ச்சி. ஊரில் எனக்கு ‘எலி டாக்டர்’ என்று பெயர். என் மாமனாரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வார்டு டாக்டருக்கு இந்தக் காய்ச்சலில் நம்பிக்கை கிடையாது. அவரைக் கேட்டால், கூலிக்காரனுக்கு மஞ்சள் காமாலை வந்தால் சாராயம்தான் காரணம். வேம்பு குடிக்கமாட்டான் என்று கண்ணாத்தாள் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நான் காலையில் கெஞ்சிய கெஞ்சலில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“இருக்கிறதே பத்து ஊசி மருந்து. எலியத் தொட்டான்னு அவன் பொண்டாட்டி சொல்லட்டும், இப்பவே பென்சிலின் போடுறேன்.”

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி முடிவு வர எட்டு நாள் ஆகும். வேம்புவுக்கு முந்தின நாளே மூத்திரம் நின்றுவிட்டது. எட்டு நாளுக்கு எங்கே போவது? அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எதற்குக் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் கெட்டுப்போகும், ஜனங்கள் நாம் விரும்புவதையே சொல்வார்கள் என்பது எங்களுக்குப் பாடம். படித்தவனின் கெட்டிக்காரத்தனம். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

என் தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள். மேலே கோபுர முத்திரை, அதன் கீழே ‘தமிழ்நாடு அரசு’ என்று புது அச்சு. பெயர், தகப்பன் பெயர், எந்தத் தெரு, யார் வயலில் வேலை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். முதல் பதினாறுக்கும் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னாள். பதினேழாவதுதான் எலி.

வீட்டில்? வரப்பில்? அறுத்த வயலில்?

“எங்க ஊட்டுப் பக்கம் எலியே கெடையாதுங்க.”

குறுவை அறுப்பு முடிந்த ஐப்பசியில், காவிரிப் பாய்ச்சலில், எலி இல்லாத இடமா? பொய் என்று தெரிந்தது. ஏன் பொய் சொல்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. எலிக்கறி தின்பதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டி, பெரிய மனசோடு விட்டுவிட்டேன்.

‘ஆமாம்’ என்று நானே எழுதியிருக்கலாம். அவள் சொல்லாத பதிலை எழுத அன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. ‘இல்லை’ என்று எழுதினேன். வார்டு டாக்டர் அதை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வேம்பு அடங்கிவிட்டான்.

ஆயா வந்து துணியை முகம்வரை இழுத்து மூடினாள். கண்ணாத்தாள் உடனே அழவில்லை. துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் காலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். பிறகு வராந்தாவில் நின்றிருந்த என்னிடம் வந்தாள்.

“அய்யா, அப்பக் கேட்டீங்களே, இப்ப எழுதிக்குங்க. எலி புடிச்சாரு. கூலி கூட்டிக் கேட்டோம்னு மிராசுதாரு எங்கள நிறுத்திட்டு வெளியூர் ஆள வச்சு அறுத்தாரு. புள்ளைங்க பசி தாங்கல. அறுத்த வயல்ல எலி வளைய வெட்டி, அது சேத்துவச்ச நெல்ல எடுத்தாந்தோம். நெல்லுத் திருட்டுன்னு சொல்லி எங்க தெருவுல நாலு பேரப் போலீசு புடிச்சுட்டுப் போயிருச்சு. ஒருத்தரும் இன்னும் திரும்பல. அதான் சொல்லல.”

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“இனிமே இவர யாரும் புடிச்சுட்டுப் போக முடியாதுங்களே.”

நான் தாளைப் பிரித்து, ‘இல்லை’ என்பதை அடித்தேன். மேலே ‘ஆமாம்’ என்று எழுதினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“அதுக்கும் இந்தக் காச்சலுக்கும் ஏதும் சம்பந்தமுங்களா?”

“ஒண்ணுமில்லம்மா” என்றேன். “சும்மா கேட்டேன்.”